ஒரே துணியில் தைத்த சட்டைகள்

எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும் அத்தை முதலில் கேட்பது, அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். குடிக்கிற தண்ணீர் இல்லை. குளம், ஆறு, வாய்க்கால், மழை பெய்தால் தேங்குகிற பள்ளம். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களையும் விடமாட்டாள். பெண் யார், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று மற்றவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கும்போது, அத்தை பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மண்டபத்துக்குப் பின்னால லோங்காங் இருக்கா? மூடி போட்டிருக்காங்களா?" என்பாள். வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். சாக்கடை மூடியைப் பற்றி அதுவரை அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே தனியாளாகித் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். மலேசியாவில், கெடா மாநிலத்தில், திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடு ஒன்றில் நாங்கள் இருந்தோம். அத்தைக்கு ஆயாக் கொட்டகையில் வேலை. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகும் பெண்கள் விடியற்காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள், மத்தியானம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நடுவில் அத்தனை பிள்ளைகளுக்கும் அத்தைதான் எல்லாம். குட்டையான ஆள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருப்பாள். எந்த நேரமும் ஓடத் தயாராக இருப்பவள் மாதிரி நிற்பாள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துச் சொல்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. என் தம்பி செபஸ்தி அந்தக் கொட்டகையிலிருந்துதான் போனான். நாலு வயது. மழைக்காலம். கொட்டகைக்குப் பின்னால் இருந்த வாய்க்கால் நிரம்பி ஓடியது. அத்தை வேறொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது அவன் இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். யாரோ ஒரு அக்கா என்னைத் தனியே கூட்டிப் போய்க் காப்பி கலக்கிக் கொடுத்தார். அழுதேனா என்று நினைவில்லை. காப்பியில் சீனி அதிகமாக இருந்தது நினைவிருக்கிறது.

அம்மா அத்தையைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள். "பிலோ, அத்தைகிட்ட சொல்லு, சோறு ஆறுது" என்பாள் அம்மா. "அம்மாகிட்ட சொல்லு, கை கழுவிட்டு வந்துடுறேன்னு" என்பாள் அத்தை. நான் வாயைத் திறக்கவே தேவையில்லை. நடுவில் நின்றால் போதும். கல்லறைத் திருநாள் அன்று அம்மா காலையில் போய்ச் செபஸ்திக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவாள். அத்தை சாயங்காலம் போவாள். அப்பா இரண்டு தடவையும் போவார்.

செபஸ்திக்குப் பிறகு பிறந்தவள் ரீத்தா. அவளை அம்மா ஆயாக் கொட்டகையில் விடவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு மலைக்காட்டில் தன் நிரைக்கு, அவள் வெட்டவேண்டிய மர வரிசைக்குப் போவாள். இரண்டு பால்மரத்துக்கு நடுவே சாரோங்கில் ஏணை கட்டி, அடியில் கொசுவுக்குப் புகை போட்டுவிட்டு மரம் வெட்டுவாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சத்தம் போட்டுப் பார்த்தார். "புள்ளைய ஒங்க நாத்தனாகிட்ட விட்டுட்டு வரலாம்ல" என்றார். அம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். மண்டோர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அம்மா ரீத்தாவை அத்தை கையில் எப்போதாவது கொடுப்பாளா என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. குழந்தை தவழ்ந்து அத்தையிடம் போனால் அம்மா எழுந்து வந்து தூக்கிக்கொள்வாள். அத்தையும் கையை நீட்டியதில்லை. ரீத்தா அவள் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால், அத்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அம்மா வரும்வரை அசையாமல் நிற்பாள். அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் என்று தெரியாது.

மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை அத்தையிடம்தான் விட்டார்கள். வேறு யாரிடம் விடுவது? ஆனால் கொட்டகை மாறிவிட்டது. நடக்கிற வயதில் இருக்கும் பிள்ளைகளின் இடுப்பில் பழைய சாரோங் துணியைக் கிழித்துக் கட்டி, மறு நுனியைத் தூணில் கட்டிப் போட்டாள் அத்தை. கன்றுக்குட்டிகளைப் போல அவை தூணைச் சுற்றிச் சுற்றி வரும். பார்க்க வந்த தோட்டத்து ஆபீஸ் கிராணி முகத்தைச் சுளித்தார். ஆனாலும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

எங்களுக்கும் அந்தத் துணி உண்டு. சுங்கை பட்டாணியில் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போனால் என் இடுப்பையும் தம்பி லூர்து இடுப்பையும் ஒரே துணியில் கட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொள்வாள். லூர்துக்கு எட்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும். ஒருமுறை லூர்து, "நாங்க என்ன ஆடா?" என்று கேட்டான். அத்தை யோசித்துவிட்டு, "ஆடு நல்லாவே நீந்தும்டா" என்றாள். பதிலா இல்லையா என்று எங்களுக்குப் புரியவில்லை.

ஒரு பொங்கல் விடுமுறையில் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் லாரியில் தஞ்சோங் டாவாய்க்குப் போனோம். கடற்கரையில் ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். அத்தை மட்டும் நேராகக் கடலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, திரும்பிக் கரையைப் பார்த்தாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை இரண்டு பக்கமும் விரித்து, வேலி மாதிரி நின்றாள். அலை அவள் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் சாப்பிட்டோம், மணலில் விளையாடினோம், தூங்கி எழுந்தோம். அவள் அங்கேயேதான் நின்றாள். திரும்பும்போது லாரியில் யாரோ, "கடல் எப்படிக்கா இருந்துச்சு?" என்று கிண்டலாகக் கேட்டார்கள். "நான் எங்க பாத்தேன்" என்றாள் அத்தை.

இப்பேர்ப்பட்டவள்தான் எங்கள் குடும்பத்தின் முதலும் கடைசியுமான உல்லாசப் பயணத்துக்குத் திட்டம் போட்டாள்.

ஆரம்பித்து வைத்தவன் லூர்து. கிராணியின் மகன் கோலாலம்பூருக்கு வெளியே இருந்த பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குப் போய்விட்டு வந்து வகுப்பில் படம் காட்டியிருக்கிறான். ராட்சதச் சக்கரம், குட்டி ரயில், மலைச்சரிவிலிருந்து குளத்துக்குள் வழுக்கி இறங்குகிற சறுக்கு. லூர்து அதைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். அப்பா எதற்கும் சொல்கிற பதிலைச் சொன்னார்: "பாப்போம்." அப்பாவின் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

"போலாம் தம்பி" என்றாள் அத்தை, அப்பாவைப் பார்த்து. "புள்ளைங்க வீட்டுல சிரிச்சு எவ்ளோ நாளாச்சு. அடுத்த வருசம் எலை கொட்டுற சமயத்துல போலாம். பள்ளிக்கூடமும் லீவா இருக்கும். எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் ரீத்தா மட்டும் ஏதோ உளறிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா, "பிலோ, அத்தைகிட்ட கேளு, கொழம்பு இன்னும் வேணுமான்னு" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும் காலம் வர அப்போது ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது. அத்தை அந்த வருடம் முழுவதையும் விசாரிப்பதற்கே செலவழித்தாள். அந்தப் பூங்காவுக்குப் போய்வந்தவர் என்று யார் பெயர் காதில் விழுந்தாலும் தேடிப் போவாள். திகாம் பத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் குடும்பத்தோடு போய்வந்தார் என்று கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பாய் எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கல்லாவில் சாய்ந்துகொண்டார்.

"அருமையான இடம்லா அக்கா. நாள் பூரா சுத்துனாலும் பத்தாது."

"தண்ணி எவ்ளோ ஆழம் பாய்?"

"எந்தத் தண்ணி?"

"கொளம் இருக்காமே."

"இருக்கு, ரெண்டு மூணு. ஒண்ணு ஒசரமா சறுக்கி வந்து விழுறது. புள்ளைங்க வெளிய வரவே மாட்டேன்னுச்சுங்க."

"சுத்தி வேலி போட்டிருக்கா? கம்பியா, மரமா?"

பாய் சிரித்தார். "நான் வேலி பாக்கவா போனேன்? எம்பொண்டாட்டி சோறு கட்டிட்டு வந்திருந்துச்சு. தின்னுட்டு மரத்தடியில நல்லா தூங்கிட்டேன்."

"தூங்கிட்டீங்களா?"

அத்தை தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். தெருவுக்கு வந்ததும் என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் பாயிடம் எதுவும் கேட்கவில்லை. அவருடைய மருமகன் வேன் ஓட்டுகிறான் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாள்.

எங்களுக்கு ஒத்திகை தொடங்கியது. தினமும் ஜெபமாலை முடிந்ததும் நானும் லூர்தும் சுவரோரமாக நிற்க வேண்டும். "தொலைஞ்சி போனா என்ன செய்யணும்?" என்பாள் அத்தை. நின்ற இடத்திலிருந்து அசையக்கூடாது. தேடிக்கொண்டு போகக்கூடாது. அழக்கூடாது, அழுதால் பேச்சு குழறும். சீருடை போட்ட காவலாளி யாரையாவது பார்த்து, "சாயா ஹிலாங்" என்று மலாயில் சொல்ல வேண்டும். நான் தொலைந்துவிட்டேன். பிறகு பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர். லூர்துக்கு இது எவ்வளவு மனப்பாடமாகிவிட்டது என்றால், ஒருநாள் மாதா பிரார்த்தனையில் எல்லாரும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு "சாயா ஹிலாங்" என்றான். அம்மாவின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

சட்டை யோசனையும் அத்தையுடையதுதான். தீபாவளியோ கிறிஸ்மஸோ, தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒரே துணியாக எடுத்து எல்லாருக்கும் தைப்பது வழக்கம். அதைப் பயணத்துக்கும் செய்தாள். சுங்கை பட்டாணி ஜவுளிக் கடையில் எல்லாத் துணியையும் பிரிக்கச் சொல்லி, கடைசியில் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய வெள்ளைப் புள்ளி போட்ட ஒன்றை எடுத்தாள். "எவ்ளோ கூட்டத்துலயும் தெரியணும்" என்றாள். எனக்கும் ரீத்தாவுக்கும் கவுன், லூர்துக்கும் அப்பாவுக்கும் சட்டை, அம்மாவுக்கு ரவிக்கை. ரீத்தாவின் கவுனுக்கு அளவெடுக்க அவளைத் தொடவேண்டும் அல்லவா, அத்தை தொடவில்லை. கொடியில் காய்ந்த பழைய கவுனை வைத்து வெட்டினாள். அப்பா தன் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னக்கா, சர்க்கஸ்ல சேந்த மாதிரி இருக்கு" என்றார். அம்மா ரவிக்கையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பயணத்தன்று நீல ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். அத்தை பார்த்தாள்.

பாயின் மருமகன் ஓட்டிய வேனில், பழைய பெரிய ரோட்டில் கோலாலம்பூர் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆனது. எங்கெங்கே நிறுத்துவது, யார் எப்போது சிறுநீர் கழிப்பது, யாருக்கு வாந்தி வந்தால் காய்ந்த புளிப்புப் பழத்தை வாயில் போடுவது, எல்லாமே முடிவாகியிருந்தது. அத்தை வேனின் கதவில் முதுகை அழுத்தி உட்கார்ந்து வந்தாள். அவளைத் தாண்டி எந்தப் பிள்ளையும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. ஈப்போவில் சுண்ணாம்பு மலைகள் வந்தபோது அப்பா, "அக்கா, திரும்பிப் பாரு" என்றார். அவள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவு செந்தூலில் அம்மாவின் சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் பூங்கா திறக்கும்போதே வாசலில் நின்றோம். உள்ளே பாட்டு ஒலித்தது. சக்கரம் மரங்களுக்கு மேலே மெதுவாகச் சுற்றியது. லூர்து என் கையைக் கிள்ளினான். நானும் கிள்ளினேன். அவ்வளவுதான், அதற்கு மேல் சந்தோஷப்பட எங்களுக்குத் தெரியவில்லை.

அத்தையின் திட்டப்படி முதலில் எதிலும் ஏறக்கூடாது. பூங்கா முழுவதையும் ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். எங்கே தண்ணீர், எங்கே படி, எங்கே வேலி என்று எல்லாரும் தெரிந்துகொண்ட பிறகுதான் விளையாட்டு. வெயிலில் நடந்தோம். அத்தை வழியில் இருந்த ஒவ்வொரு கம்பியையும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். ஒரு காவலாளி ஓடிவந்து, "மாச்சிக், ஜாங்கான் கோயாங்லா" என்றார், ஆட்டாதீர்கள் அம்மா என்று. "ஆடுதே, அதத்தான் பாக்கிறேன்" என்று தமிழில் பதில் சொல்லிவிட்டு அத்தை அடுத்த கம்பிக்குப் போனாள். எங்களைச் சுற்றி எல்லாரும் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கட்டடம் பார்க்க வந்த கங்காணிகள் மாதிரி வரிசையாகப் போனோம். நாங்கள் குதூகலமாக இருக்க வேண்டும் என்பதும் அத்தையின் திட்டத்தில் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அதற்கு நேரம் ஒதுக்கியிருந்தாள்.

சறுக்குக் குளத்தின் கம்பி வேலியில் லூர்து விரல்களை மாட்டிக்கொண்டு நின்றான். "ஒரே ஒரு தடவ விடுக்கா. நான் கீழ நிக்கிறேன்" என்றார் அப்பா. அத்தை தலையை ஆட்டினாள். அம்மா ரீத்தாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். லூர்து தானாகவே விரல்களை எடுத்துவிட்டு வந்தான். அடம் பிடிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

சுற்று முடியும்போது குட்டி ரயில் நிற்கும் இடத்துக்கு வந்தோம். ரயில் வந்து நின்று, பிள்ளைகள் கும்பலாக இறங்கினார்கள். அப்பா தண்ணீர் வாங்கப் போயிருந்தார். அம்மா இடுப்பிலிருந்த ரீத்தாவின் செருப்பு கழன்று விழுந்தது. லூர்தின் கையைப் பிடித்திருந்த அத்தைதான் அதைக் கண்டாள். கையை விட்டு, குனிந்து, செருப்பை எடுத்தாள். அம்மா அவளுக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஆனாலும் அத்தை செருப்பை என்னிடம் கொடுத்தாள். நான் அதை அம்மாவிடம் கொடுத்தேன். அத்தை கூட்டத்துக்குள் கையை விட்டு ஆரஞ்சுச் சட்டைக் கையை இறுகப் பற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

மர நிழலுக்கு வந்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். அதே துணி, அதே வெள்ளைப் புள்ளி, அதே உயரம். பையன் வேறு. அவன் மூக்கு ஒழுகச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

"நீ யாரு?" என்றாள் அத்தை.

"மணி."

"எந்த ஊரு?"

"ஜித்ரா."

"லூர்து எங்க?" என்றாள் அம்மா. யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. என்னிடம் இல்லை. தண்ணீரோடு வந்த அப்பா எங்கள் முகங்களைப் பார்த்தார், அந்தப் பையனைப் பார்த்தார், கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் குளத்துப் பக்கம் ஓடினார். எங்கே ஓட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அத்தை ஓடவில்லை. ஓடத் தயாராகவே வாழ்ந்தவள், பையனின் மணிக்கட்டைப் பிடித்தபடி நட்டுவைத்த மாதிரி நின்றாள். "தேடுங்க அத்த" என்றேன். "இவன விட்டா இவன் தொலைஞ்சிருவான் பிலோ" என்றாள். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இல்லை. உடம்பு முழுக்கப் பஞ்சடைத்த மாதிரி இருந்தது. வந்த வழியே திரும்பி நடந்தேன்.

லூர்து ரயில் நிற்கும் இடத்திலேயே நின்றான். அத்தை கையை விட்ட அதே இடம். பக்கத்தில் ஒரு காவலாளி குனிந்து அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருந்தார். "நீ ஏன்டா பின்னாலயே ஓடி வரல?" என்று கேட்டேன். "அசையக்கூடாதுல்ல" என்றான்.

அவனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது ஜித்ராக்காரர்களும் வந்துவிட்டார்கள். எல்லாரும் ஆரஞ்சு நிறத்தில். பையனின் அம்மா அவனைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ கத்த வாயெடுத்தவர், எங்களையும் தங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "நீங்களும் அலோர் ஸ்டார் கடையிலயா எடுத்தீங்க?"

"சுங்கை பட்டாணி" என்றேன்.

"கெடா பூரா வித்துட்டான் போல" என்று சொல்லிக்கொண்டே போனார். எங்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அப்பா அப்போதுதான் திரும்பி வந்தார். மார்பு வரைக்கும் நனைந்திருந்தார். லூர்தைப் பார்த்தார். தலையில் கைவைத்து ஒரு தடவை அழுத்தினார். கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வெயிலில் போய் நின்றுகொண்டார்.

அத்தை ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. தன்னுடைய ஒத்திகைதான் லூர்தை நின்ற இடத்தில் நிற்கவைத்தது என்பது அவளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் வேன்ல போயி இருக்கேன் தம்பி" என்றாள். "நீங்க எல்லாம் பாத்துட்டு வாங்க. கொளத்துலயும் எறங்கட்டும். நான் இல்லாட்டி நல்லா இருக்கும்."

அப்பா சட்டை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"பிலோ, அத்தைகிட்ட" என்று ஆரம்பித்தாள் அம்மா. நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். அம்மா நிறுத்திவிட்டாள். என் தோளைப் பிடித்து என்னை ஒரு பக்கமாக நகர்த்தினாள்.

"அண்ணி, இவளப் புடிங்க. நானும் பிலோவும் அந்தச் சக்கரத்துல ஏறிட்டு வர்றோம்."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

"வேணாம் ஸ்டெல்லா. தம்பிகிட்ட குடு."

"அவரு நனைஞ்சி கெடக்காரு. புள்ளைக்குச் சளி புடிச்சிக்கும்."

"வேணாம்மா."

அம்மா குனிந்து ரீத்தாவை அத்தையின் மடியில் உட்கார வைத்தாள். அத்தையின் கை வரும்வரை காத்திருக்கவில்லை. பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டு, என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். நான்தான் திரும்பிப் பார்த்தேன். குழந்தை சரிந்தாள். அத்தையின் இரண்டு கைகளும் முன்னால் வந்துவிட்டன.

சக்கரத்தில் எங்களை உட்காரவைத்துக் கம்பியைப் பூட்டினார்கள். மேலே போகப் போகப் பூங்கா முழுவதும் தெரிந்தது. குளம், சறுக்கு, ரயில் தண்டவாளம், மரத்தடியில் பெஞ்சு. அத்தை ரீத்தாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் லூர்து ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருந்தான். உச்சியில் சக்கரம் நின்றது.

"அம்மா, கீழ பாருங்க. அத்தை தெரியுது."

"தெரியட்டும்."

அம்மா முன்னால் இருந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. சக்கரம் சுற்றி முடிந்து எங்களை இறக்கிவிடும்வரை ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது ரீத்தா தூங்கிவிட்டிருந்தாள். அத்தை இம்மியும் அசைந்திருக்கவில்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. முகமெல்லாம் வியர்வை. துடைக்க ஒரு கையைக்கூட எடுத்திருக்கவில்லை.

"இந்தா ஸ்டெல்லா, வாங்கிக்க. கை மரத்துப் போச்சு."

அம்மா பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். வெகுநேரம் நடந்த கால்களை நீட்டிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் வச்சிருங்க அண்ணி" என்றாள்.